பளபளப்பு எத்தனை நாள் நிற்கும்?

தேய்த்த அன்றைக்கு எல்லா பாலிஷும் நல்ல பாலிஷ்தான். புளி, எலுமிச்சை, பாக்கெட் பொடி, குப்பியில் வரும் திரவம் என்று எதைப் போட்டாலும் பித்தளை மஞ்சளாகச் சிரிக்கும். அடுத்த வியாழக்கிழமை அதே விளக்கைத் துலக்க எடுக்கும்போதுதான் எது நின்றது, எது ஓடிப்போனது என்று தெரியும். உலோக பாலிஷை நான் மதிப்பிடுவது இந்த ஒன்றை வைத்துத்தான்: பளபளப்பு எத்தனை நாள் நிற்கிறது?

இந்த மழைக்காலம் முழுவதும் எங்கள் வீட்டுப் பித்தளைக்குத் திரவ பாலிஷைப் புழங்கிப் பார்த்தேன். நாச்சியார்கோவிலில் வாங்கிய ஜோடிக் குத்துவிளக்கில் ஒன்றுக்கு வழக்கம்போலப் புளியும் உப்பும், மற்றதற்குத் திரவம். இரண்டும் நிற்பது ஒரே பூஜை அறையில். ஒரே நல்லெண்ணெய், ஒரே ஈரக் காற்று. திரவ பாலிஷ் ஒன்றும் புதுச் சரக்கு அல்ல. 1905 வாக்கில் பிரிட்டனில் வந்த பிராஸோவின் பெயரை, என்.சி.சி. பெல்ட்டின் கொக்கியைத் தேய்த்த யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அதனால் விலை, அளவு, குப்பியின் அழகு பற்றியெல்லாம் இங்கே பேசப்போவதில்லை.

புளி போட்ட விளக்குதான் முதலில் ஜொலித்தது. கை வலிக்கத் தேய்க்க வேண்டியதும் இல்லை. கரைசல் பட்ட இடமெல்லாம் கறுப்பு தானாகக் கழன்றது. ஆனால் வாரம் முடிவதற்குள் தண்டில் மங்கல் ஏறியது. அகலின் அடியில் இளஞ்சிவப்பாகத் திட்டுகள் தெரிந்தன. திரவம் போட்ட விளக்குக்கு வேலை அதிகம்: பூச வேண்டும், லேசாகக் காயவிட வேண்டும், வேறு துணியால் தேய்த்து எடுக்க வேண்டும். அந்த உழைப்புக்குக் கூலி கிடைத்தது. பக்கத்து விளக்கைப் பல முறை துலக்கிய பின்னும் இது முகம் தெரியும்படி நின்றது.

காரணம் எளிது. பித்தளை, செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். காற்றும் ஈரமும் பட்டு மேலே படியும் செம்பு ஆக்ஸைடுதான் அந்தக் கறுப்பு. புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலம் அதைக் கரைத்துவிடும். ஆனால் மேற்பரப்பை மழமழப்பாக்காது. அடியிலிருந்து வெளிப்பட்ட புது உலோகம் உடனே காற்றோடு சேரத் தொடங்குகிறது. சரியாக அலசாமல் விட்டால், இடுக்கில் தங்கிய உப்பும் அமிலமும் ஈரத்தை இழுத்து அதை இன்னும் விரைவாகக் கறுக்கச் செய்யும். அதிக நேரம் ஊறவிட்டால் துத்தநாகம் கரைந்து செம்பு மேலே வந்துவிடும். இளஞ்சிவப்புத் திட்டு அதுதான். திரவ பாலிஷ் வேறு வழியில் வேலை செய்கிறது. அதிலுள்ள மிக நுண்ணிய தூள், மேற்பரப்பை உரசிச் சமப்படுத்துகிறது. கடைசியில் மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்றும் தங்கிக் காற்றைக் கொஞ்சகாலம் தடுக்கிறது. மழமழப்பான பரப்பில் அழுக்கும் ஈரமும் எளிதில் பிடிப்பதில்லை.

ஆனால் எண்ணெய்ப் பிசுக்கின் மேல் எந்த பாலிஷும் வேலை செய்யாது. இதை யாரும் சொல்வதில்லை என்பதில் எனக்குத் தீராத வருத்தம். திரி எரிந்த இடத்தில் கருகிய எண்ணெய் கோந்துபோல ஒட்டியிருக்கும். அதன்மேல் பாலிஷைக் கொட்டித் தேய்த்தால் பணமும் தோளும்தான் வீண். முதலில் எண்ணெயை வடித்து, திசுத்தாளால் துடைத்து, சுடுநீரும் சீயக்காயும் போட்டுக் கழுவுங்கள். நன்றாகத் துடைத்து, ஈரமில்லாமல் உலர விடுங்கள். பிறகு பாலிஷ் குப்பியைத் திறந்தால் போதும். பாதிக் கறுப்பு கழுவும்போதே போயிருக்கும்.

இந்த வகைத் திரவங்களிடம் எனக்குள்ள பெரிய மனக்குறை, வெள்ளைப் படிவு. உச்சியில் இருக்கும் அன்னத்தின் சிறகு, தண்டின் வளையங்கள், அகலின் ஐந்து முகங்கள் என்று இடுக்கு உள்ள இடத்திலெல்லாம் அந்தத் தூள் போய் உட்கார்ந்து சுண்ணாம்பு அடித்தாற்போலக் காய்ந்துவிடும். வேலைப்பாடு மிகுந்த பொருளுக்குத்தான் பாலிஷ் அதிகம் தேவை. அதே பொருளில்தான் இந்தத் தொல்லையும் அதிகம். குப்பியை விளக்கின் மேல் கவிழ்க்காமல், துணியில் சில சொட்டு மட்டும் எடுப்பது முதல் தற்காப்பு. இடுக்குகளைக் காயவிடாமல் உடனே மென்மையான பழைய பல்துலக்கியால் எடுப்பது அடுத்தது. காய்ந்துவிட்டால் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரும் பொறுமையும்தான் மருந்து.

படிவை எடுப்பது அழகுக்காக மட்டுமல்ல. இத்தகைய பல திரவங்களில் அம்மோனியா உண்டு. பித்தளைக்கும் அம்மோனியாவுக்கும் பழைய பகை. பிரிட்டிஷ் இந்தியப் படையின் பித்தளைத் தோட்டா உறைகள் மழைக்காலத்தில் தாமாகவே விரிசல் விட்டன. குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியாவே காரணம் என்று 1921-இல் விளக்கம் கிடைத்தது. இழுத்தும் வளைத்தும் செய்த தகட்டில் தங்கியிருக்கும் உள்ளிறுக்கம்தான் அப்படி வெடிக்கவைக்கிறது. கனமாக வார்த்த குத்துவிளக்குக்கு அந்தக் கவலை குறைவு. அழகுக்கு வைத்திருக்கும், தட்டிச் செய்த குடத்திலும் சொம்பிலும் திரவத்தைத் தங்கவிடாமல் முழுக்கத் துடைத்தெடுங்கள். சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். அந்த நெடி நுரையீரலுக்கு நல்லதல்ல.

‘எல்லா உலோகங்களுக்கும் ஏற்றது’ என்று அட்டையில் அச்சடிப்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. அப்படி ஒரு பாலிஷ் இருக்க முடியாது. வெள்ளி கறுப்பது ஆக்ஸைடால் அல்ல, கந்தகத்தால். உரசும் தூளைப் போட்டால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வெள்ளி குறையும். முலாம் பூசியதென்றால் முலாமே போகும். பற்பசையும் வெள்ளியைக் கீறும். அலுமினியத் தாள் விரித்த பாத்திரத்தில் சுடுநீரும் சமையல் சோடாவும் விட்டு, வெள்ளியைத் தாளைத் தொடும்படி போட்டால், கறுப்பு மீண்டும் வெள்ளியாகவே மாறும், எதுவும் உரசப்படாது. கல் பதித்ததையும், வேண்டுமென்றே கறுப்பேற்றிய வேலைப்பாட்டையும் அதில் போடாதீர்கள். அதே சோடா அலுமினியப் பாத்திரத்தை அரிக்கும். அதற்குப் புளித்தண்ணீர்தான் சரி. எவர்சில்வரை இரும்பு நாரால் தேய்த்தால் நாரின் துகள் ஒட்டித் துரு ஏறும். ஈயச்சொம்பு மிக மென்மையானது. தூள் எதுவும் அதன் அருகே வரக் கூடாது.

சாப்பாடு படும் பாத்திரத்துக்கும் திரவ பாலிஷ் ஆகாது. பித்தளை அண்டா, செம்புக் குடம், பஞ்சபாத்திரம் எல்லாவற்றுக்கும் புளியே போதும். தேய்த்தவுடன் நன்றாக அலசித் துடைத்துவிட வேண்டும். தலைமுறை தாண்டி வந்த பஞ்சலோக விக்கிரகத்தின் மேலுள்ள பழுப்பு, அதற்கான காப்பு. அதைப் பளபளக்க வைக்க ஆசைப்படாதீர்கள். புளியும் உப்பும் வேண்டவே வேண்டாம். தங்கிய உப்பு பச்சைப் பொடியாக வெண்கலத்தைத் தின்னும்.

பாலிஷ் போடும் முன் இரண்டு சோதனை செய்யுங்கள். காந்தத்தை வைத்துப் பாருங்கள்; ஒட்டினால் அது இரும்பின் மேல் பூசிய பித்தளை, உரசும் பாலிஷ் வேண்டாம். பஞ்சில் ஒரு சொட்டு பாலிஷ் எடுத்து அடிப்பக்கம் தேய்த்துப் பாருங்கள். பஞ்சு கறுத்தால் கீழே வெறும் உலோகம், பாலிஷ் வேலை செய்யும். கறுக்காவிட்டால் மேலே வார்னிஷ் இருக்கிறது. மென்துணியால் துடைத்தாலே போதும்.

என் தீர்ப்பு இதுதான். குத்துவிளக்கு, மணி, கதவுக் கைப்பிடி, பெயர்ப்பலகை ஆகியவற்றுக்குத் திரவ பாலிஷ் வாங்குங்கள். இடுக்குப் படிவைத் துடைக்கும் பொறுமை இருந்தால் அதற்கு நிகரில்லை. சமையலறைக்குப் புளி, வெள்ளிக்கு அலுமினியத் தாளும் சோடாவும். எல்லாவற்றுக்கும் ஒரே டப்பா என்று யார் விற்றாலும் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.