மானைத் தள்ளாத குண்டு: வேட்டை நூல்களின் இயற்பியல்

வகுப்பில் உந்தம் மாறா விதியை நடத்தும்போதெல்லாம் ஒரு மாணவராவது திரைப்படத்தை நினைவூட்டுவார். "சார், படத்தில் குண்டு பட்டவன் பத்தடி பின்னால் பறந்து போய் விழுகிறான். சுட்டவன் மட்டும் அசையாமல் நிற்கிறானே, எப்படி?" கேள்வி மிகவும் சரியானது. குண்டு எவ்வளவு உந்தத்துடன் புறப்படுகிறதோ, அவ்வளவு உந்தம் சுட்டவரின் தோளிலும் இறங்கியாக வேண்டும். பட்டவர் பறந்தால் சுட்டவரும் பறக்க வேண்டும்.

திரைப்படத்தில் பிழை இருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். அதே பிழை, வேட்டையைக் கற்பிப்பதற்கென்றே எழுதப்பட்ட நூல்களில் இருந்தால் என்ன செய்வது? அமெரிக்க வேட்டை எழுத்தாளர்களின் நூல்கள் சிலவற்றைப் படிக்க நேர்ந்தபோது இந்த ஐயம் எனக்கு எழுந்தது. அவற்றை இயற்பியல் கண்கொண்டு மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை தண்டனைக்குரிய குற்றம். ஆகவே வாசகர்கள் இதை வேட்டைக்கான அழைப்பாகக் கருத வேண்டாம். ஓர் எண்ணை எப்படிப் படிக்க வேண்டும் என்பதற்கான பயிற்சியாகக் கொள்ளுங்கள்.

இரண்டு கட்சிகள்

அமெரிக்காவில் வெள்ளைவால் மான் வேட்டை உரிமத்துடன் ஆண்டுதோறும் நடக்கிறது. அங்கே காட்டுப் பன்றிகளும் பெருந்தொல்லையாகிவிட்டன. 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர் கொண்டுவந்த வளர்ப்புப் பன்றிகளும், பின்னர் வேட்டைக்கென்று கொண்டுவந்து விடப்பட்ட ஐரோப்பியக் காட்டுப் பன்றிகளும் கலந்து பெருகியவை இவை. இன்று 60 இலட்சத்துக்கும் மேல் இருக்கும் என்று அந்நாட்டு வேளாண்மைத் துறை மதிப்பிடுகிறது. ஆகவே அங்குள்ள வேட்டைக்காரர் ஒவ்வொருவரும் கேட்கும் கேள்வி இது: மானுக்கும் பன்றிக்கும் பொதுவாகப் பயன்பட வேண்டும், தோளையும் அதிகமாக உதைக்கக் கூடாது, அப்படிப்பட்ட தோட்டா எது? (தோட்டா என்பது பித்தளைக் கூடு, வெடிமருந்து, குண்டு எல்லாம் சேர்ந்தது. குழலிலிருந்து பறந்து செல்வது குண்டு மட்டுமே.)

இதற்கு விடை சொன்னவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றார்கள். முதற் கட்சியின் தலைவர் ஜாக் ஓ'கானர் (1902–1978). இதழியல் பேராசிரியராக இருந்தவர். 'அவுட்டோர் லைஃப்' இதழில் துப்பாக்கிப் பகுதியைப் பல ஆண்டுகள் நடத்தியவர். இலேசான குண்டு, மிகுந்த வேகம் என்பது அவர் கொள்கை. 1925இல் வந்த .270 வின்செஸ்டர் தோட்டா அவருடைய செல்லப்பிள்ளை. மறு கட்சிக்கு எல்மர் கீத் (1899–1984). கனமான குண்டு, அகலமான குண்டு என்பது அவர் மந்திரம். .270 எல்லாம் பெரிய விலங்குக்குப் போதாது என்று ஏளனமாக எழுதியவர். இருவரின் நூல்களும் படிக்கச் சுவையானவை. நேரில் கண்டதை எழுதியவர்கள். ஆனால் கண்டதற்குக் காரணம் சொல்லப் புகும் இடத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது.

இரு கட்சிகளையும் எண்களாக்கிப் பார்ப்போம். .270 தோட்டாவின் குண்டு 8.4 கிராம், வேகம் வினாடிக்கு சுமார் 930 மீட்டர். 1873ஆம் ஆண்டின் .45-70 தோட்டாவில் குண்டு 26 கிராம். வேகம் சுமார் 405 மீட்டர்தான். இயக்க ஆற்றலைக் கணக்கிட்டால் முன்னது சுமார் 3,600 ஜூல், பின்னது 2,100 ஜூல். ஓ'கானர் வென்றார். உந்தத்தைக் கணக்கிட்டால் முன்னது 7.8 நியூட்டன்-வினாடி, பின்னது 10.5. கீத் வென்றார். அவரவர் தமக்குப் பிடித்த அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டால் அவரவர் கட்சி வெல்லும்!

பழைய வழக்கு

இந்த வழக்கு புதியதன்று. இயங்கும் பொருளின் 'வலிமை' அதன் நிறையையும் வேகத்தையும் பெருக்கி வருவது என்று டேக்கார்ட் கருதினார். இல்லை, வேகத்தின் வர்க்கத்தையே எடுக்க வேண்டும் என்று 1686இல் லைப்னிட்ஸ் மறுத்தார். பின்னர் ஹாலந்து நாட்டு கிராவசாண்ட் பித்தளை உருண்டைகளைக் களிமண்ணில் போட்டுப் பார்த்தார். வேகம் இரு மடங்கானால் பள்ளம் நான்கு மடங்காயிற்று. பிரான்சு நாட்டு அறிவியல் மாது எமிலி து ஷாத்லே 1740இல் தம் நூலில் இதை எடுத்துக்காட்டி லைப்னிட்சின் பக்கம் நின்றார்.

இரண்டும் சரியே என்பது இன்று மேனிலைப் பள்ளி மாணவருக்கும் தெரியும். விசை எவ்வளவு நேரம் செயல்பட்டது என்று கேட்டால் விடை உந்தம். எவ்வளவு தொலைவுக்குச் செயல்பட்டது என்று கேட்டால் விடை ஆற்றல். கேள்வி வேறு, விடையும் வேறு. ஐரோப்பிய அறிஞர்கள் 18ஆம் நூற்றாண்டில் தீர்த்து வைத்த வழக்கை 20ஆம் நூற்றாண்டு வேட்டை நூல்கள் மீண்டும் முதலிலிருந்து நடத்தின.

கிரிக்கெட் பந்தின் வெற்றி

ஆப்பிரிக்காவில் யானை வேட்டையாடிய ஜான் டெய்லர் 1948இல் வெளியிட்ட 'ஆப்பிரிக்கன் ரைஃபிள்ஸ் அண்டு கார்ட்ரிட்ஜஸ்' என்ற நூலில் 'வீழ்த்தும் மதிப்பு' என ஒரு சூத்திரம் தந்தார். குண்டின் எடையைக் கிரெயினிலும், வேகத்தை வினாடிக்கு அடியிலும், விட்டத்தை அங்குலத்திலும் எழுதி, மூன்றையும் பெருக்கி 7,000ஆல் வகுக்க வேண்டும். யானைத் துப்பாக்கிகளை ஒன்றோடொன்று ஒப்பிடவே அவர் இதைச் செய்தார். பின்வந்தோர் மானுக்கும் பன்றிக்கும் இதைப் பூட்டிவிட்டார்கள்.

இதைச் சோதிப்பது எளிது. .30-06 என்னும் புகழ்பெற்ற தோட்டாவுக்கு (.30 அங்குலக் குழல், 1906ஆம் ஆண்டில் வந்தது) 180 கிரெயின் குண்டை எடுத்துக்கொண்டால் வீழ்த்தும் மதிப்பு 21. இப்போது ஒரு கிரிக்கெட் பந்தை எடுங்கள். 160 கிராம், அதாவது 2,470 கிரெயின். விட்டம் 2.8 அங்குலம். கல்லூரிப் பந்துவீச்சாளர் வினாடிக்கு 30 மீட்டரில், அதாவது 98 அடியில் வீசுகிறார். மதிப்பு 97! அப்படியானால் கிரிக்கெட் பந்து அந்தத் தோட்டாவைப் போல் நாலரை மடங்கு 'வலிமை' வாய்ந்தது. மட்டையாளர் காலில் பட்டை கட்டிக்கொண்டு அதைத் தாங்குகிறார். மறு பந்துக்கும் தயாராகிறார். சூத்திரத்தின் தரம் இதிலிருந்தே விளங்கும்.

ஆற்றல் கட்சியும் தப்பவில்லை. மானை வீழ்த்த 1,000 அடி-பவுண்டு, அதாவது ஏறக்குறைய 1,360 ஜூல் வேண்டும் என்பது அமெரிக்காவில் பலர் வாயிலும் வழங்கும் விதி. ஆனால் அதே நாட்டில் வில்லாலும் மான் வேட்டையாடுகிறார்கள். 26 கிராம் அம்பு வினாடிக்கு 80 மீட்டரில் சென்றால் அதன் ஆற்றல் சுமார் 83 ஜூல். விதிப்படி மான் சிரித்துக்கொண்டு போக வேண்டும். நெஞ்சில் பாய்ந்தால் அது இறந்துவிடுகிறது.

இனி 'தள்ளுதல்' பற்றிப் பார்ப்போம். குண்டு பாய்ந்த மரக்கட்டை ஊசலாடும் கணக்கை நீங்கள் செய்திருப்பீர்கள். மரக்கட்டைக்குப் பதில் 60 கிலோ மானை வையுங்கள். 7 மி.மீ. குண்டு ஒன்றின் உந்தம் 7.7 நியூட்டன்-வினாடி. குண்டு உடலுக்குள்ளேயே நின்றுவிட்டாலும் மான் பெறும் வேகம் வினாடிக்கு 13 சென்டிமீட்டர். எறும்பை விடக் கொஞ்சம் வேகம், அவ்வளவுதான். குண்டு கொண்டுவந்த 3,300 ஜூலில் மானின் இயக்கமாக மாறியது அரை ஜூல். மீதமெல்லாம் திசுவைக் கிழிப்பதிலும், குண்டை நசுக்குவதிலும், வெப்பமாகவும் செலவாயிற்று. குண்டு எதையும் தள்ளி வீழ்த்துவதில்லை.

எது கொல்கிறது?

இதயமோ நுரையீரலோ சிதைந்தால் இரத்த அழுத்தம் சரிந்து மூளைக்குப் பிராணவாயு நின்றுபோகிறது. அப்போதும் சுமார் 10 வினாடிகள் மூளை வேலை செய்யும். அதற்குள் மான் 50, 100 மீட்டர் ஓடிவிடலாம். மூளையோ தண்டுவடமோ அறுபட்டால் மட்டுமே நின்ற இடத்தில் விழும். வயிற்றில் பட்டால் எந்தத் தோட்டாவாக இருந்தாலும் விலங்கு மணிக்கணக்கில் துடித்துச் சாகும். ஆகவே கேட்க வேண்டியவை இரண்டே: குண்டு உரிய இடத்தில் பட்டதா? உரிய ஆழம் வரை சென்றதா?

ஆழத்தைப் பன்றி சோதிக்கும். முதிர்ந்த ஆண் பன்றியின் தோளில் தடித்த நார்த்தோல் கவசம் போல் படிந்திருக்கும். இதயமோ முன்னங்கால்களுக்கு இடையே தாழ்வாக இருக்கும். ஊடுருவலை நிர்ணயிப்பவற்றுள் ஒன்று, குண்டின் நிறையை அதன் விட்டத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் ஈவு. 6.5 மி.மீ. விட்டமுள்ள 140 கிரெயின் குண்டுக்கு இந்த ஈவு, .30-06இன் 180 கிரெயின் குண்டினுடையதை விட ஏறக்குறைய 6 சதவீதம் அதிகம்! மெலிந்த குண்டு நீளமாக இருப்பதே காரணம். மற்றொன்று குண்டின் அமைப்பு. உடலுக்குள் காளான் போல் விரிய வேண்டும்; ஆனால் துண்டு துண்டாக உடைந்துவிடக் கூடாது. விளம்பரத்தில் அச்சிடப்படும் ஜூல் கணக்கு இந்த இரண்டைப் பற்றியும் ஒரு சொல்லும் சொல்வதில்லை.

தோளில் விழும் பங்கு

குண்டு உரிய இடத்தில் படுவதற்கும் பின்னுதைப்புக்கும் நேரடித் தொடர்பு உண்டு. 3.5 கிலோ துப்பாக்கி. குண்டோடு வெடிமருந்தின் வாயுவும் வினாடிக்கு 1,200 மீட்டரில் வெளியேறுகிறது என்று கொண்டு கணக்கிட்டால் கிடைப்பவை (தோராயமாக):

.243 வின்செஸ்டர்: குண்டின் ஆற்றல் 2,600 ஜூல், பின்னுதைப்பு 12 ஜூல்.
6.5 மி.மீ. கிரீட்மூர்: 3,100 ஜூல், பின்னுதைப்பு 16 ஜூல்.
7 மி.மீ.-08 ரெமிங்டன்: 3,300 ஜூல், பின்னுதைப்பு 18 ஜூல்.
.30-06: 3,900 ஜூல், பின்னுதைப்பு 28 ஜூல்.

கடைசி இரண்டையும் ஒப்பிடுங்கள். .30-06இலிருந்து 7 மி.மீ.-08க்கு இறங்கினால் குண்டின் ஆற்றலில் ஆறில் ஒரு பங்குதான் குறைகிறது. உதைப்போ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது. துப்பாக்கியின் உதைப்பு ஆற்றல் மொத்த உந்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதே இதன் இரகசியம்.

இங்கே நுட்பமான ஓர் உண்மையைக் கவனியுங்கள். குண்டு 55 சென்டிமீட்டர் குழலைக் கடந்து வெளியேறும் நேரத்தில் துப்பாக்கி எவ்வளவு பின்னால் வந்திருக்கும்? நிறைமையம் நகராது என்ற விதிப்படி கணக்கிட்டால் ஒன்றரை மில்லிமீட்டர் சொச்சம். முழு உதையும் தோளுக்கு வந்து சேரும்போது குண்டு குழலை விட்டுப் போய்விட்டிருக்கும். அப்படியானால் குறியைக் கெடுப்பது பெரும்பாலும் உதை அன்று. உதை வரப்போகிறது என்ற அச்சம். கண் இமை மூடுகிறது, தோள் முன்னுக்குத் தள்ளுகிறது, விசையை இழுக்கும் விரல் வெடுக்கென்று இழுக்கிறது. பயிற்சிக் களத்தில் இதை எளிதில் காணலாம். சுடுபவருக்குத் தெரியாமல் வெற்றுத் தோட்டா ஒன்றைக் கலந்து வைப்பார்கள். அது வெடிப்பதில்லை, ஆனாலும் குழல்முனை சட்டென்று தாழ்கிறது. அந்தச் சிறு தாழ்வு நூறு மீட்டரில் பல அங்குலமாகிறது. நெஞ்சில் பட வேண்டியது காலிலோ வயிற்றிலோ படுகிறது. பெரிய தோட்டா வாங்கியவர் விலங்குக்குச் செய்த நன்மை இதுதான்.

தீர்ப்பு

எனவே மானுக்கும் பன்றிக்கும் ஒரே தோட்டா என்றால் 6.5 மி.மீ. முதல் 7 மி.மீ. வரையிலான நடுத்தர வகையே பொருத்தம் என்பது என் முடிவு. .243 மானுக்குப் போதும். உதைப்பும் மிகக் குறைவு. ஆனால் பெரிய பன்றியின் தோளில் குண்டின் தரத்தையும் சுடும் கோணத்தையும் பொறுத்துத் தடுமாறும். .30-06 இரண்டையும் முடிக்கும். ஆனால் அஞ்சாத தோள் வேண்டும்.

இதுவும் புதுக் கண்டுபிடிப்பு அன்று. 1980இல் வந்த 7 மி.மீ.-08, மாசர் நிறுவனம் 1892இல் செய்த 7x57 தோட்டாவின் வேலையைத்தான் செய்கிறது. 2007இன் கிரீட்மூர் தோட்டாவின் பணியை 1890களின் சுவீடன் நாட்டு 6.5 மி.மீ. தோட்டா முன்பே செய்தது. பெயர் புதிது, சரக்கு பழையது. ஆப்பிரிக்காவில் டபிள்யூ. டி. எம். பெல் என்பவர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றார். அவற்றுள் பெரும்பாலானவை அந்த 7 மி.மீ. தோட்டாவுக்கே விழுந்தன. யானையின் உடற்கூற்றைப் படித்துக் குறிபார்த்ததே காரணம். அந்தக் கொலைக் கணக்கு இன்று நமக்குப் பெருமையாகத் தோன்றாது. ஆயினும் 'வீழ்த்தும் மதிப்பு' பேசியவர்களுக்கு அதைவிடத் தெளிவான மறுப்பு இல்லை. ஓ'கானரின் மனைவி எலினாரும் 7x57 தோட்டாவையே விரும்பிப் பயன்படுத்தினார். கணவரின் பக்கம் பக்கமான எழுத்தை விட அவருடைய அந்தத் தேர்வு எனக்கு அதிகம் சொல்கிறது.

ஓ'கானரையும் கீத்தையும் படிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இருவருமே குறி தவறக் கூடாது என்று பலமுறை எழுதியவர்கள். அந்த இடங்கள் இன்றும் பொன் போன்றவை. அவர்களுடைய கண்களை நம்பலாம், சூத்திரங்களை நம்ப வேண்டாம் என்பதே என் மதிப்பீடு. கிரிக்கெட் பந்துக் கணக்கை நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள். பிறகு தண்ணீர் இறைக்கும் மோட்டாருக்கோ மோட்டார் சைக்கிளுக்கோ யாராவது ஒரே ஓர் எண்ணைக் காட்டி "இதுதான் வலிமை" என்றால், அந்த எண் எந்தக் கேள்விக்கு விடை என்று முதலில் கேளுங்கள்.