குள்ள விமானம், குண்டு எஞ்சின்

எஞ்சினியரிங் படிக்காதவன் விமானத்தை விமர்சிக்கலாமா? மற்ற விமானங்கள் பற்றித் தெரியாது. போயிங் 737 மேக்ஸை விமர்சிக்க பி.காம். போதும். அதன் கோளாறு கணக்குப் புத்தகத்தில்தான் ஆரம்பித்தது.

737 முதலில் பறந்தது 1967-ல். சின்ன ஊர்களுக்கு இடையே குட்டிப் பயணம் போவதற்காகச் செய்த விமானம். அந்தக் காலத்துச் சின்ன ஏர்போர்ட்களில் ஏணி, மெஷின் என்று பெரிய வசதியெல்லாம் கிடையாது. ஆட்கள் தரையில் நின்றபடியே கையால் பெட்டி ஏற்றட்டும் என்று உடம்பைத் தாழ்வாக வைத்தார்கள். நல்ல யோசனை. பிரமாதமாக விற்றது.

அப்புறம் வந்தது வினை. 2010 டிசம்பரில் போட்டிக் கம்பெனியான ஏர்பஸ், எரிபொருள் குறைவாகக் குடிக்கிற புது எஞ்சினைத் தன் ஏ320-ல் மாட்டப் போவதாக அறிவித்தது. 2011 ஜூலையில் போயிங்கின் நெடுநாள் வாடிக்கையாளரான அமெரிக்கன் ஏர்லைன்ஸே அதற்கு ஆர்டர் கொடுத்துவிட்டது. புதிதாகவே ஒரு விமானம் செய்யலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த போயிங், அவசரமாக மனசை மாற்றிக்கொண்டது. பழைய 737-ல் புது எஞ்சின். பெயர், மேக்ஸ்.

சிக்கல் என்னவென்றால், எஞ்சின் குண்டு, விமானம் குள்ளம். இறக்கைக்குக் கீழே இடம் போதவில்லை. எஞ்சினை முன்னால் தள்ளி, மேலே தூக்கி மாட்டினார்கள். அதனால் சில நேரங்களில் மூக்கு தேவைக்கு மேல் நிமிரப் பார்த்தது. அதை அடக்க எம்-காஸ் என்று ஒரு சாஃப்ட்வேர். மூக்கு நிமிர்கிறது என்று சென்சார் சொன்னால் போதும், விமானியைக் கேட்காமலே கீழே அழுத்தும். அவர் தூக்கத் தூக்க, இது மறுபடி மறுபடி அழுத்தும்.

விமானத்தில் அந்த சென்சார் இரண்டு இருந்தன. சாஃப்ட்வேர் ஒரு நேரத்தில் நம்பியது ஒன்றை மட்டும். ஒற்றைச் சாட்சியை வைத்துத் தூக்குத் தண்டனை!

சரி, விமானிகளிடமாவது சொல்லியிருக்கலாமே? இங்கேதான் பி.காம். வேலை செய்கிறது. 'பழைய 737 ஓட்டியவர்களுக்கு சிமுலேட்டர் பயிற்சியே வேண்டாம், செலவு மிச்சம்' என்பதுதான் மேக்ஸின் விற்பனை மந்திரம். பயிற்சி தேவைப்பட்டால் விமானத்துக்குப் பத்து லட்சம் டாலர் தள்ளுபடி என்று சௌத்வெஸ்ட் நிறுவனத்துடன் ஒப்பந்தமே இருந்தது. அப்புறம் எம்-காஸ் பற்றி விலாவாரியாக யார் வாயைத் திறப்பார்கள்? விமானிகளின் கையேட்டில் அதற்கு விளக்கமே இல்லை.

2018 அக்டோபர் 29. ஜகார்த்தாவில் கிளம்பிய லயன் ஏர் கடலில் விழுந்தது. 189 பேர். அதன் பிறகுதான் விமானிகளுக்கு விஷயமே தெரிந்தது. அப்போதும் மேக்ஸை நிறுத்தவில்லை. 2019 மார்ச் 10. எத்தியோப்பியாவில் இன்னொன்று. 157 பேர். இரண்டு முறையும் ஒரு சென்சார் தப்பாகச் சொன்னது, சாஃப்ட்வேர் நம்பியது.

'கெட்டிக்கார விமானியாக இருந்தால் சமாளித்திருப்பார்' என்று ஒரு வாதம் உண்டு. லயன் ஏர் விபத்தில் பராமரிப்புக் குறை, விமானிகளின் தடுமாற்றம் எல்லாம் இருந்ததாக விசாரணை அறிக்கையும் சொல்கிறது. இருக்கட்டும். எதிராளி யார் என்றே சொல்லாமல் கோதாவில் இறக்கிவிட்டு, ஏன் தோற்றாய் என்று கேட்பது என்ன நியாயம்?

2020 நவம்பரில் அமெரிக்கா மீண்டும் அனுமதி கொடுத்தது. இப்போது இரண்டு சென்சாரையும் ஒப்பிட்டுப் பார்க்கிறது சாஃப்ட்வேர். சிமுலேட்டர் பயிற்சியும் கட்டாயம். எந்தச் செலவை மிச்சம் பிடிக்க இத்தனையும் நடந்ததோ, அதே செலவு!

நம் ஊரிலும் மேக்ஸ் பறக்கிறது. எம்-காஸுக்காகப் பயந்து டிக்கெட்டை கேன்சல் செய்ய வேண்டாம், அதைத் திருத்திவிட்டார்கள். கணக்கைத் திருத்தினார்களா என்பதுதான் என் சந்தேகம். 2021 ஜனவரியில் அமெரிக்க நீதித் துறையுடன் போயிங் செய்துகொண்ட சமரசத்தின் மதிப்பு சுமார் 250 கோடி டாலர். அதில் விமானம் வாங்கிய கம்பெனிகளுக்கு 177 கோடி. அதில் ஏறிச் செத்துப்போன 346 பேரின் குடும்பங்களுக்கு 50 கோடி.

இந்த ஐந்தொகையில் எந்த ஆடிட்டர் கையெழுத்துப் போடுவார்?