மச்சான்: ஜேர்சி அணிந்த தூதுவர்கள்

2004இல் இலங்கையின் தேசிய ஹேண்ட்போல் அணி என்று சொல்லி ஜேர்மனிக்குப் போன 23 பேர் அங்கே தலைமறைவானார்கள். அப்படியோர் அணியே நம் நாட்டில் இருக்கவில்லை. இதைத்தான் உபெர்டோ பசோலினி 2008இல் 'மச்சான்' என்று படமாக்கினார்.

படம் நிறையவே சிரிக்க வைக்கிறது. சொந்தப் பெயரில் கேட்டால் மறுக்கப்படும் வீசா, நாட்டின் பெயரில் கேட்டதும் கிடைத்துவிடுகிறது. கொழும்பின் ஏழைகள் திடீரென நாட்டின் தூதுவர்களாகிறார்கள். போலி யார்? அவர்களா, அவர்களைப் பிழைக்க விடாத நாடா?

2022இல் மறைந்த, நமக்கு அடுத்த ஊரான றக்குவானையின் தர்ஷன் தர்மராஜும் அவர்களில் ஒருவராக நடித்திருக்கிறார்.

குறையும் உண்டு. ஓடியவர்கள் பின்னர் பட்ட பாட்டைப் படம் சொல்லவில்லை. மத்திய கிழக்குக்கு ஆளனுப்பிவிட்டுக் காத்திருக்கும் எம்பிலிப்பிட்டிய வீடுகளுக்குக் கதை அங்கேதான் தொடங்குகிறது.