கிளாட்கோவின் 'சீமெந்து': நாவலும் உற்பத்திக் கணக்கும்

பியோதர் கிளாட்கோவின் 'சீமெந்து' 1925 ஆம் ஆண்டில் 'கிராஸ்னயா நோவ்' என்னும் சஞ்சிகையில் வெளிவந்தது. உழைப்பையே பொருளாகக் கொண்டு எழுந்த முதற் சோவியத் நாவல்களுள் ஒன்றாக அது போற்றப்படுகின்றது. பின்னர் சோஷலிச யதார்த்தவாதம் என்று பெயர் பெற்ற நெறிக்கு முன்மாதிரியாகவும் காட்டப்படுகின்றது. இந்நாவல் பற்றி எழுதியோர் பலரும் சீமெந்தை ஒரு குறியீடாகவே கொண்டனர். சிதறிய மணலையும் கல்லையும் பிணைப்பது சீமெந்து; சிதறிய சமுதாயத்தைப் பிணைப்பது தொழிலாளி வர்க்கம். கதைத் தலைவனான கிளெப் சுமாலொவ் தானே இவ்வுவமையை விளக்கிவிடுவதால் விமர்சகருக்கு வேலை மிச்சமாகிவிட்டது போலும். ஆயின் சீமெந்து குறியீடு மட்டுமன்று; தொன் கணக்கில் அளக்கப்படும் பண்டமும் ஆகும். அந்தக் கணக்கை அருகில் வைத்து வாசிக்கும்போதே நாவலின் வலிமையும் குருட்டுப் புள்ளியும் ஒருங்கே புலப்படுகின்றன.

1913 ஆம் ஆண்டில் ருஷ்யாவின் சீமெந்து உற்பத்தி ஏறத்தாழ 15 இலட்சம் தொன்னாக இருந்தது. உலகப் போரும் உள்நாட்டுப் போரும் கடந்த பின்னர், 1920 இல், அது 36 ஆயிரம் தொன்னாகச் சுருங்கியது. நாற்பதில் ஒரு பங்கு என்றுகூடச் சொல்வதற்கில்லை. புள்ளிவிபர ஏட்டில் ஒரு வரியாக அடங்கிவிடும் இவ்வீழ்ச்சி மனிதரை என்ன செய்தது என்பதை நாவலின் தொடக்க அதிகாரங்கள் காட்டுகின்றன. மூன்றாண்டுகள் போர்க்களத்திலிருந்து மீளும் கிளெப் காண்பது புகையற்ற புகைபோக்கிகளையும் ஆடு வளர்க்கும் தொழிலாளரையும் ஆகும். ஒருகாலத்தில் சூளைகளை இயக்கிய கைகள் தொழிற்சாலை உலோகத்தைத் திருடிச் சிகரற் பற்றவைக்கும் கருவிகள் செய்து விற்கின்றன. வர்க்க உணர்வு வானிலிருந்து இறங்குவதன்று, இயங்கும் தொழிலிலிருந்து பிறப்பது என்ற உண்மையை எந்த விளக்கவுரையுமின்றி இக்காட்சிகள் உணர்த்துகின்றன. யாரும் கேளாதிருந்தும் டீசல் இயந்திரங்களை நாள்தோறும் துடைத்து மினுக்கி வைத்திருக்கும் பிரின்சா என்னும் இயந்திரத் தொழிலாளி, கதையில் சிறு பாத்திரமே. எனினும் நாவல் முழுவதிலும் அவனைப்போல் நம்பத்தக்க மனிதர் சிலரே உளர்.

கருங்கடற் கரையிலுள்ள நோவொரோசிஸ்க் நகரிற் கிளாட்கோவ் வாழ்ந்தவர். அந்நகரின் சீமெந்துத் தொழில் 1882 இல் தொடங்கியது. கண்டறிந்த உலகை எழுதுவதால் அவர் எழுத்தில் ஓர் உறுதி உண்டு. விறகு வேண்டும். விறகை மலையிலிருந்து இறக்க வடக்கயிற்றுப் பாதை வேண்டும். பாதையமைக்கப் பொறியியலாளர் வேண்டும். அந்தப் பொறியியலாளரான கிளைஸ்ற், கிளெப்பை வெண்படையினரிடம் காட்டிக்கொடுத்தவர். பழிவாங்க வந்தவன் அவரது அறிவின்றித் தொழிற்சாலை எழாது என்று கண்டு அவரோடு சேர்ந்து உழைக்க முடிவு செய்யும் இடமே நாவலின் உச்சம். மொழியில் மட்டும் மிகை மலிந்திருந்தது. நாவலை வரவேற்ற மாக்சிம் கோர்க்கியே அதன் செயற்கை நடையைக் கண்டித்தார். கிளாட்கோவ் 1958 இல் இறக்கும்வரை பதிப்புக்குப் பதிப்பு அதைத் திருத்திக்கொண்டேயிருந்தார். திருத்தத்தில் நடை தெளிந்தது. முதற் பதிப்பின் கரடுமுரடான உயிர்ப்பும் அதனோடு போயிற்று.

நாவலின் குறை வேறிடத்திலுள்ளது. புரட்சியின் ஆண்டு நிறைவு நாளில் மக்கள் வெள்ளத்தின் நடுவே தொழிற்சாலை இயங்கத் தொடங்குவதோடு கதை முடிகின்றது. உற்பத்தியாகும் சீமெந்து எங்கே போகும், எதைக் கட்டும், எவர் அதனுட் குடியிருப்பர் என்ற வினா ஒருவர் வாயிலும் எழவில்லை. உற்பத்தி தொடங்குவதே இறுதி வெற்றியாகிவிடுகின்றது. 1921 இன் நிலையில் இதனைப் பிழையென்று கூறுவது கடினம். பின்வந்த பொருளாதாரத் திட்டமிடலும் அதே முடிவிலேயே நின்றுவிட்டதுதான் சிந்திக்கத்தக்கது.

1928 இல் 18 இலட்சம் தொன்னைத் தாண்டிய உற்பத்தி 1940 இல் 57 இலட்சமாயிற்று. போர் அதனை மீண்டும் 18 இலட்சத்துக்குத் தள்ளியது. 1950 இல் ஒரு கோடி, 1960 இல் நாலரைக் கோடி, 1970 இல் ஒன்பதரைக் கோடி என ஏறிய ஏற்றம் வியக்கத்தக்கது; அறுபதுகளில் ஐக்கிய அமெரிக்காவும் பின்தள்ளப்பட்டது. இதனை வெறும் எண் விளையாட்டென ஒதுக்குதல் நேர்மையாகாது. 1954 டிசம்பரிற் கட்டடத் தொழிலாளர் மாநாட்டில் குருஷேவ் முன்தயாரிப்புக் கொங்கிறீற்றை வற்புறுத்தினார். அதன் பின் எழுந்த ஐந்துமாடிக் குடியிருப்புகளில், பல குடும்பங்கள் ஒரே சமையலறையைப் பகிர்ந்து வாழ்ந்த கோடிக்கணக்கானோர் தமக்கெனக் கதவொன்றைப் பெற்றனர்.

ஆயினும் இலக்கு தொன்னிலேயே குறிக்கப்பட்டது. கட்டட நிறுவனங்களின் திறமை, செய்த வேலையின் மொத்தப் பெறுமதியால் மதிக்கப்பட்டது. பொருளை அதிகம் விழுங்கிய கட்டடமே கணக்கில் உயர்ந்து நின்றது. சீமெந்தைச் சிக்கனப்படுத்தியவர் தம் பெறுமதியைத் தாமே குறைத்துக்கொண்டார். புதிய அத்திவாரமிடுவது எளிது, பழையதை முடிப்பது கடினம் என்ற நிலையில் முடிவுறாக் கட்டடங்கள் நாடெங்கும் பெருகின. சீமெந்து ஆலைகளிற் பெரும்பாலானவை சுண்ணாம்புக் கல்லை நீரோடு அரைத்துக் குழம்பாக்கிச் சுடும் ஈரமுறையை இறுதிவரை கைவிடவில்லை. அந்நீரை ஆவியாக்குவதற்கே பெருமளவு எரிபொருள் செலவாயிற்று. எரிபொருள் மலிவாகக் கணிக்கப்பட்ட இடத்தில் உலர்முறைக்கு மாறும் அவசரம் எவருக்கும் இருக்கவில்லை. 1975 இல் 12 கோடியே 20 இலட்சம் தொன்னாயிருந்த உற்பத்தி 1980 இல் 12 கோடியே 50 இலட்சத்திலேயே நின்றது.

கிளாட்கோவ் மீது இதற்கான பழியைச் சுமத்துவது அபத்தம். திட்டம் மறந்த செலவுக் கணக்கை அவர் எழுதி வைத்தார் என்பதே உண்மை. கிளெப்பின் மனைவி தாஷா பெண்கள் பிரிவில் ஊழியம் செய்கிறாள்; அவர்களது மகள் நூர்க்கா சிறுவர் இல்லத்தில் வாடி இறக்கிறாள். இழப்பின்றி எழுந்த தொழிற்சாலையாக அதனை அவர் காட்டவில்லை. கட்சியிலிருந்து நீக்கப்பட்ட நேர்மையான மனிதரையும் மறைக்கவில்லை. பின்வந்த உற்பத்தி நாவல்கள் கிளெப்பின் வேகத்தை மட்டும் கடன் வாங்கின, நூர்க்காவை விட்டுவிட்டன. கிழக்கு ஜேர்மனிய நாடகாசிரியர் ஹைனர் முல்லர் 1972 இல் இந்நாவலை நாடகமாக்கியபோது சூளைகளினும் மேலாக அந்த வீட்டையே அரங்கின் நடுவே வைத்தார். மகள் இறந்த பின் தாஷா அவ்வீட்டை விட்டு வெளியேறுகிறாள். சூளைகள் மீண்டும் எரியும் நாளில் கிளெப் திரும்பிச் செல்வதற்கு அங்கே எவருமில்லை.