கதை தீர்ந்த பிறகும்

1892 டிசம்பரில் பீட்டர்ஸ்பர்க்கின் மரீன்ஸ்கி அரங்கில் ‘நட்கிராக்கர்’ பாலே முதன்முதலாக மேடையேறியபோது விமர்சகர்கள் முகம் சுளித்தார்கள். அவர்கள்மேல் தப்பில்லை. கிறிஸ்துமஸ் விருந்து, கொட்டை உடைக்கும் மரப்பொம்மை, எலிப்படையோடு சண்டை என்று முதல் அங்கத்திலேயே கதை தீர்ந்துவிடுகிறது. இரண்டாம் அங்கத்தில் சிறுமி மிட்டாய் நாட்டில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறாள், நாமும் பார்க்கிறோம். தலைமை நர்த்தகி முழுதாக ஆட வருவதற்குள் நிகழ்ச்சியே முடியப்போகிறது. ஹாஃப்மன் 1816இல் எழுதிய மூலக்கதையின் இருட்டும் பயமும் சர்க்கரைப் பாகில் கரைந்துவிட்டன.

சைகோவ்ஸ்கியின் இசை கதைக்காகக் காத்திருக்கவில்லை. அதே ஆண்டு மார்ச்சிலேயே சில பகுதிகள் கச்சேரி மேடையில் ஒலித்துப் பாராட்டு வாங்கிவிட்டன. பாரிஸில் கேட்ட செலஸ்டா என்ற புதுக் கருவியை ரகசியமாக வாங்கச் சொல்லிப் பதிப்பாளருக்குக் கடிதம் எழுதினார். சக இசையமைப்பாளர் ரிம்ஸ்கி கோர்சகோவ் முந்திக்கொள்வாரோ என்ற பயம். மேதைக்கும் தொழில் போட்டி உண்டு.

என்னை அசைப்பது செலஸ்டா அல்ல, கடைசியில் வரும் ஜோடி நடனம். அதன் மெட்டு இறங்கிவரும் ஒரு ஸ்கேல் மட்டுமே. நம் காதுக்குச் சொன்னால், சங்கராபரணத்தின் அவரோகணம்: ச நி த ப ம க ரி ச. கமகம் இல்லை, வளைவு இல்லை. செலோக்கள் அதைப் பாட, ஹார்ப் அடியில் அலையடிக்கிறது. மிட்டாய் நாட்டில் இத்தனை துயரம் எதற்கு? இதை எழுதிய காலத்தில், 1891இல், சைகோவ்ஸ்கியின் தங்கை இறந்தார். அந்த இழப்பை இங்கே கேட்பவர்கள் உண்டு. அது தெரியாமலும் தொண்டை அடைக்கிறது.

1954இல் நடன அமைப்பாளர் பாலன்ஷீன் நியூயார்க்கில் அமைத்த வடிவத்துக்குப் பிறகு அமெரிக்காவில் இந்தப் பாலே வருடாந்தரச் சடங்காகிவிட்டது. டிசம்பர் வசூல்தான் பல குழுக்களுக்கு ஆண்டு முழுவதும் சோறு போடுகிறது. பயிற்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு முதல் மேடையும் அதுவே. ஆனால் வாரக்கணக்கில் அதே பனி, அதே எலி, ஆடுபவருக்குச் சலிக்காதா?

பெரிய குறை வேறு. இரண்டாம் அங்கத்தில் வரும் ‘அரேபிய’ நடனத்தின் மெட்டு உண்மையில் ஒரு ஜார்ஜியத் தாலாட்டு. ‘சீன’ நடனத்தில் விரல் நீட்டிக் குதித்தது வெறும் கேலிச்சித்திரம். நியூயார்க் சிட்டி பாலே 2017இல் அந்த ஆட்டத்தையும் ஒப்பனையையும் திருத்தியது. அதற்காக இசையில் கைவைக்க வேண்டி வரவில்லை.