விடையில்லா விடைவாகனர்: தஞ்சை அரண்மனைக் கலைக்கூடம் குறித்து ஒரு பார்வை

பினாங்கு மாக் மண்டினுக்கு வடக்கே, கெடா மாநிலத்தில் அமைந்துள்ளது பூஜாங் பள்ளத்தாக்கு. சோழர் கல்வெட்டுகள் சுட்டும் கடாரம் இதுவே என்பர் அறிஞர் பலர். அங்குள்ள அருங்காட்சியகத்திற்கு மாணவரை அழைத்துச் செல்லும் நம் தமிழாசிரியர்கள், தமிழகம் செல்லுங்கால் தவறாது காண விழைவது தஞ்சை அரண்மனையை. நாயக்கர் எழுப்பி மராத்தியர் விரிவாக்கிய அவ்வரண்மனையில், 1951ஆம் ஆண்டு கலைக்கூடம் நிறுவப்பெற்றது. சோழர் காலச் செப்புத் திருமேனிகளே அதன் பெருஞ்செல்வம்.

அவற்றுள் தலையாயது திருவெண்காட்டு இடபவாகனர் படிமம். சடையே தலைப்பாகையாய்ச் சுற்றியிருக்க, ஒரு காலை மறு காலின் குறுக்கே ஊன்றி, இறைவன் சாய்ந்து நிற்கிறான். அவன் கை தாங்கியிருந்த விடை இன்று இல்லை. வெற்றிடத்தின்மீது தங்கிய அக்கையே காண்போரைப் பெரிதும் ஈர்க்கிறது. கலைத்திறனாய்வு பெரும்பாலும் இந்த வடிவ வியப்போடு நின்றுவிடுகிறது. இஃது அரைப்பார்வையே ஆகும்.

இழந்தது விடை மட்டுமன்று; ஊரும் உடன் போயிற்று. திருவெண்காட்டுக் கல்வெட்டுகளைக் கொண்டு இப்படிமத்தை 1011ஆம் ஆண்டினதாகவும், உடன் நிற்கும் தேவியின் படிமத்தை 1012ஆம் ஆண்டினதாகவும் அறிஞர் கொள்வர். படிமத்திற்குக் காலத்தையும் கொடையாளரையும் தருவது கோயிற்சுவரில் உள்ள தமிழே. அத்தமிழைப் படியாது படிமத்தை மட்டும் காண்பது, உரையைக் கிழித்துவிட்டு அட்டையை வியப்பதை ஒக்கும்.

படிமங்களைக் கோயிலிலேயே விட்டிருக்கலாமே எனின், அதுவும் எளிதன்று. ஸ்ரீபுரந்தான் கோயிலில் களவாடப்பட்ட நடராசர் திருமேனி ஆஸ்திரேலியா வரை சென்று 2014இல்தான் மீண்டது. அதன் ஊரை மெய்ப்பிக்க உதவியது புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் பழைய ஒளிப்படம். கலைக்கூடத்தின் காவல் தேவையே. எனினும் காவலினும் வலியது பதிவு.

ஆகவே, தஞ்சை செல்லும் ஆசிரியர் திருவெண்காட்டுக் கல்வெட்டுச் செய்தியையும் கற்றுச் செல்லுதல் நன்று. வகுப்பறையில் படிமத்தின் படத்தையும் கல்வெட்டின் வாசகத்தையும் அருகருகே வைத்துக் கற்பிக்கலாம். பூஜாங் பள்ளத்தாக்கின் சிதைந்த கோயில்களின் முன் நிற்கும் நம் மாணவர்க்கும் இப்பயிற்சி பயன்படும். பொருளைக் கண்டதும், 'இஃது எவ்வளவு அழகு' என்பதோடு அமையாது, 'இஃது எவ்வூரது, யார் கொடுத்தது' என்றும் அவர்கள் வினவுவர். விடை அவ்வினாவில் தொடங்கும்.