பராங்குச நாயகியும் உறங்காத கடலும்

திருவாய்மொழி இரண்டாம் பத்தின் முதல் திருவாய்மொழியில் பராங்குச நாயகி நாரை, அன்றில், கடல், வாடை, மேகம், மதி, இருள், கழி, விளக்கு ஆகிய ஒன்பதையும் விளித்துப் பேசுகிறாள். தன்னைப் போலவே இவையும் எம்பெருமானைப் பிரிந்து நோவுபடுவதாக அவள் கொள்கிறாள். இதைப் பற்றி இக்காலத்தில் எழுதுவோர் இரு திறத்தார். ஒரு சாரார் தற்குறிப்பேற்ற அணி என்று பெயரிட்டு அமைந்துவிடுகின்றனர். மற்றொரு சாரார் நம்மவர். சகலமும் அவனுக்குச் சரீரமாதலால் சகலமும் அவனை நினைந்து ஏங்குகிறது என்று ஸித்தாந்தம் பேசி முடித்துவிடுகின்றனர். இரண்டும் அடியேனுக்கு உடன்பாடன்று.

பின்னதை முன்னே பார்ப்போம். சரீரமாவது சரீரியை விட்டுத் தனித்து நில்லாதது, அப்ருதக்ஸித்தம். கடலுக்குள்ளும் அந்தர்யாமியாய் அவன் இருக்க, கடலுக்கு விச்லேஷம் ஏது? தத்துவத்தைக் கொண்டு பார்த்தால் கடல் அழுவதற்கே இடமில்லை. ஆகவே சரீராத்மபாவம் இங்கு விடையாகாது. அதுதான் வினாவையே எழுப்புகிறது. மயர்வற்ற ஞானம் அருளப்பெற்ற ஆழ்வார் கடலின் ஓசையை அழுகையென்று எப்படிக் கொண்டார்?

இதற்கு வழி காட்டுவது அழகியமணவாளப்பெருமாள் நாயனாரின் ஆசார்யஹ்ருதயம். ஞானநிலையில் ஆழ்வார் தாமான தன்மையில் பேசுகிறார். ப்ரேமநிலையில் பெண் தன்மையில் பேசுகிறார் என்று அந்நூல் பிரித்துக் காட்டுகிறது. கடலை விளிப்பவள் பெண்பிள்ளை. ஞானம் குன்றியதால் வந்த மயக்கமன்று இது. ஞானம் பக்தியாய்க் கனிந்ததால் வந்த நிலை. ஸ்ரீராமாயணத்தில் பெருமாளைக் காட்டில் விட்டுத் திரும்பிய ஸுமந்த்ரன், மரங்களும் வாடிக் கிடந்தன என்று தசரதனிடம் சொல்லும்போது, அவனிடம் தர்க்கம் பேசுவார் உண்டோ?

முதற்பத்தின் நான்காம் திருவாய்மொழியையும் இதனுடன் சேர்த்து அநுஸந்திக்க வேண்டும். அங்கேயும் நாரை உண்டு, வாடை உண்டு. ஆனால் அங்கு அவை தூதர். இவள் நிலையை அவனிடம் சென்று உரைக்க வல்லவை. சிறகிரண்டும் ஞானமும் அநுஷ்டானமும் என்று ஸ்வாபதேசம் கொள்வது அந்த நாரைக்கு நன்றாகப் பொருந்தும். இரண்டாம் பத்தின் நாரையோ எங்கும் அனுப்பப்படவில்லை. அதன் இயல்பான வெண்மையே பசலையாகத் தோன்றுகிறது. அதே பறவை ஆசார்ய ஸ்தானத்திலிருந்து உடன் நோவுபடும் துணையாக இறங்கிவிட்டது. இவ்வேற்றுமையைக் காணாமல் பறவை என்று வந்த இடமெல்லாம் ஆசார்யன் என்று எழுதிச் செல்வது ஸ்வாபதேசமாகாது, சோம்பல்.

அடியேன் பிறந்த தகடூர்ச் சீமையில் கடலில்லை. கழியைக் கண்ணால் கண்டபோது வயது முப்பதைக் கடந்திருந்தது. நெய்தலை ஏரிக்கரை நாரையைக் கொண்டே திருத்தகப்பனாரிடம் கற்றுக்கொண்டேன். ஆனால் அதியமானைப் பாடிய ஔவையார் பெயரில் குறுந்தொகையில் 28ஆம் பாட்டு உண்டு. அங்கே காற்று தலைவியை அலைக்கிறது. அவள் நோயை அறியாமல் ஊர் உறங்குகிறது. உறங்கும் ஊரை முட்டலாமா, தாக்கலாமா என்று அவள் தவிக்கிறாள். பராங்குச நாயகியின் உலகில் உறங்குவார் எவருமில்லை. காற்றும் உறங்காமல் கடலும் மலையும் தடவித் திரிகிறது. மரபு ஒன்றுதான், கேட்கவியலாதவற்றைக் கேட்பன போல் விளிப்பதற்குத் தொல்காப்பியச் செய்யுளியல் இடம் தந்திருக்கிறது. ஆனால் ஔவையின் தலைவிக்கு வாய்த்தது தனிமை. இவளுக்கு வாய்த்தது ஒரு கோஷ்டி.

சீனர்களின் பழந்தொகையான ஷி சிங்கை அண்மையில் மொழிபெயர்ப்பில் படித்தேன். பேரன் வாங்கித் தந்தது. 305 பாட்டுக்கள். முதற்பாட்டில் ஆற்றிடைத் திட்டில் நீர்ப்பறவைகள் கூவுகின்றன. தலைமகன் ஒருவன் நங்கையை நினைந்து உறக்கமின்றிப் புரள்கிறான். மாவோ மரபின் உரைகாரர்கள் இதனை அரசியின் நற்பண்பாகக் கண்டனர். அன்பு மிக்கும் அளவு கடவாத பறவை அது என்று இயற்கையைக் கொண்டே நெறி சொல்லினர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சூ சி என்னும் அறிஞர், அத்தொகையின் பாட்டுக்கள் பலவும் ஆணும் பெண்ணும் பாடிய காதற்பாட்டுக்களே என்றார். நம்மவர் இவ்விரண்டில் ஒன்றைத் தள்ளவில்லை. நம்பிள்ளை அருளிச்செய்ய வடக்குத்திருவீதிப்பிள்ளை ஏடுபடுத்திய ஈட்டில் அந்யாபதேசம் தன் இடத்தில் நிற்கிறது. ஸ்வாபதேசம் அதன்மேல் நிற்கிறது. நாரை நாரையாக இருந்தால்தான் பின்னது நிற்கும்.

இனி அணி என்பாருக்கு ஒரு கேள்வி. ஏழாம் பாட்டில் வரும் இருளை என்ன செய்வது? நாரை வெளுத்தது, கடல் கதறுகிறது, மேகம் நீராய் உருகுகிறது, மதி தேய்கிறது. இருளிடம் துயரத்தின் அடையாளம் ஒன்றுமில்லை. அது நிற்கிறது, அவ்வளவே. அவள் ஏற்றிச் சொல்லக் குறிப்பே அகப்படவில்லை. அதனால் இருளைக் கடிகிறாள், பகைவரினும் கொடிது என்கிறாள். கடிந்த வாயாலேயே வாழ்த்தவும் செய்கிறாள். அணியிலக்கணம் இந்த வாழ்த்துக்குக் கணக்குச் சொல்லாது. வெறுத்ததையும் கோஷ்டியைவிட்டு விலக்க அவளுக்கு மனம் வரவில்லை என்றே அடியேனுக்குத் தோன்றுகிறது.

பத்தாம் பாட்டில் அவள் அவனை நோக்கித் திரும்பி, இனிக் கைவிடாதே என்று வேண்டுகிறாள். தன்னைத் தன்மைப்பன்மையிலேயே சொல்லிக்கொள்கிறாள். அகப்பாட்டில் தலைவி அப்படிப் பேசுவது வழக்கந்தான். ஆயினும் அந்தப் பாசுரத்தைத் திருத்தகப்பனார் ஸேவிக்கும்போது, அந்தப் பன்மையில் சற்றே நிறுத்தி, விளக்கையும் கழியையும் நோக்குவார் போலப் பக்கத்தில் திரும்பிப் பார்ப்பார்.